ஆளுக்கு எண்பத்தைந்து

பீல் நகரம், நவம்பர், சனிக்கிழமை.
ஜூரா மலையைப் பனிமூட்டம் காலையிலேயே
கழற்றி எங்கோ வைத்துவிட்டது.
ரயில் பாதைக்குப் பின்னால்
முன்பு மணிக்கூடு செய்த கட்டடத்தின் நிலவறையில்
விசிறிகளின் இரைச்சலுக்குள்
ஜாக்கெட் கழற்றாமல் இருக்கிறேன்.

எங்கள் சேர்வருக்கு வெளியே போக ஒரே குழாய்.
நூறு மெகாபிட். அதற்கு மேல் ஒப்பந்தத்தில் இல்லை.
அதற்குள்தான் போயாக வேண்டும்
ஒரு பல் வைத்தியரின் எக்ஸ்ரே படங்கள்,
கைக்கடிகார உதிரிப்பாக விலைப்பட்டியல்,
சூரிச்சுக்கு ஓடும் காப்புப் பிரதி.
இன்று பத்தரைக்கு, கூடவே,
மாட்ரெட்ச் சுடலையிலிருந்து
கெங்காதரன் என்பவரின் இறுதிக்கிரியை, நேரலை.

"ஒரு இருநூறு பேர் பார்ப்பினம்" என்றிருந்தார் மருமகன்.
பத்து நாற்பதுக்கு ஆயிரத்து நூறு.
ஹரோ, லா சப்பல், வவுனியா,
இன்னும் விடியாத ஸ்கார்பரோ,
மெல்பேர்னில் இராச்சாப்பாட்டைத் தள்ளிவைத்த வீடுகள்.
எல்லோருக்கும் படம் சதுரம் சதுரமாய் உடைகிறது.
பெட்டி ஓரிடம், பூ ஓரிடம்.
ஐயரின் கை அந்தரத்தில் நிற்கிறது,
மந்திரம் இன்னும் வந்து சேரவில்லை.

காப்புப் பிரதிக்கு முதலில் கயிறு போட்டேன்:
இரண்டு மெகாபிட், அதற்குள் ஊர்ந்து போ.
விலைப்பட்டியலுக்கு ஒன்று.
எக்ஸ்ரேக்கு மூன்று, பல்வலி பொறுக்காது.
மிச்சத்தை ஆயிரத்து நூறால் பிரித்தேன்.
ஆளுக்கு எண்பத்தைந்து கிலோபிட்.

அதற்குள் முகம் கொள்ளாது.
குரல் கொள்ளும்.

"பெரிய குழாய் வாங்கலாமே" என்றான் ரேட்டோ தொலைபேசியில்.
வாங்கலாம், திங்கட்கிழமை.
தகனம் பதினொன்றேகாலுக்கு.

படத்தை வெட்டினேன்.
பத்து விநாடிக்கு ஒன்று, அசையாமல்.
வரிசையில் குரல் முன்னால்,
மற்றதெல்லாம் பின்னால்,
நிரம்பி வழிந்தால் பின்னால் நிற்பது விழட்டும்.
இதைச் சொல்ல நான்கு வரி போதும்.
மூன்றாவது வரியில் இரண்டு தரம் பிழை விட்டேன்,
குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரை நான் கண்டதில்லை.
மகள் சொல்லித்தான் தெரியும்:
இருபத்தாறு வருசம் ஆஸ்பத்திரிச் சமையலறை,
நோயாளிகளுக்கு உப்பில்லாமல் சமைத்த கோபத்தை
வீட்டுக் குழம்பில் தீர்த்த மனிதர்.
பாதி தமிழில், பாதி பேர்ண் ஜெர்மனில்
சொல்லிக்கொண்டே வந்தவள்
"அப்பா" என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

வெளியே போகும் கோடு
எழுபதிலிருந்து பத்துக்கு விழுந்தது.
பழுது என்று எழுந்தேவிட்டேன்.
பழுதில்லை.
பேசாமல் இருப்பதை அனுப்ப
அநேகமாய் ஒன்றும் செலவில்லை.
ஆயிரத்து நூறு பேரும் இணைப்பில்தான் இருந்தார்கள்,
இருபத்தொரு விநாடி,
ஒருவர்கூடக் கழன்று போகவில்லை.

உள்ளே வருவதற்கு என்னால் விதி எழுத முடியாது.
போவதைத்தான் பிடித்து வைக்கலாம்,
வருவது வந்த பிறகுதான் தெரியும்.
வந்துகொண்டே இருந்தன:
ஓம் சாந்தி, கூப்பிய கைகள், அழும் மஞ்சள் முகங்கள்,
யாரோ அவசரத்தில் தொட்டுவிட்ட
ஒரு பிறந்தநாள் கேக்.

இரவு இரண்டு மணிக்கு
முழுப் பதிவையும் ஏற்றி வைத்தேன்,
நான்கு ஜிகாபைட், முகத்தோடு.
கயிறுகளை அவிழ்த்தேன்.
காப்புப் பிரதி சூரிச்சுக்குப் பாய்ந்தது.
வவுனியாப் பக்கத்து முகவரி ஒன்று மட்டும்
நான் வரம்பு எதுவும் போடாதபோதும்
சொட்டுச் சொட்டாய் இறக்கிக்கொண்டிருந்தது.
தொண்ணூற்றேழு வீதத்தில் அறுந்தது.
முதலிலிருந்து மறுபடி.

அந்தப் பக்கத்துக் குழாய் என் கையில் இல்லை.
தெரிந்தும்
காப்புப் பிரதியை நிறுத்தி வைத்தேன், விடியும்வரை.
ரேட்டோ கேட்பான்.
பழுது என்பேன்.